முதல் நாளே வாங்கிய கேமரா

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளை ஆறுமாசம் என்றுதான் சொல்வார்கள். கேமராவோ, துணி துவைக்கும் மெஷினோ, புதிதாக எது கடைக்கு வந்தாலும் ஆறு மாதம் கழியாமல் அவள் தொட மாட்டாள். முதல் ஆறு மாதத்தில் வாங்குகிறவர்கள் கம்பெனிக்குச் சம்பளமில்லாமல் சோதனை வேலை பார்க்கிறவர்கள் என்பது அவள் கட்சி.

"மாப்பிள்ளை பார்த்தப்பவும் ஆறு மாசம் போகட்டும்னு சொன்னாங்க எங்க அண்ணி. அவர் நாலாவது மாசமே வேற பொண்ணைக் கட்டிக்கிட்டார்" என்று தம்பி மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆறுமாசம் கோபப்பட மாட்டாள். அது ஐந்தாவது மாதம் என்று திருத்துவாள், அவ்வளவுதான்.

இந்தப் பிடிவாதம் பிறவியிலேயே வந்ததல்ல. இருபத்து நான்கு வயதில், வெளியான முதல் வாரமே ஒரு கேமரா வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனாள். நாள் முழுக்க எடுத்தாள். அத்தனை படமும் கார்டில் ஏறாமலே போயிருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா, அவள் அப்போது வேலை பார்த்த ஸ்டுடியோ வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். அன்று கேட்ட வசவில் ஒரு சொல்கூட அவளுக்கு மறக்கவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை ஸ்டுடியோ. முன் அறையில் பாஸ்போர்ட் படத்துக்கான வெள்ளைத் திரையும் ஸ்டூலும். பின் அறையில் இரண்டு கம்ப்யூட்டர். அவளும் தம்பியும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து பதினோரு வருடம் வேலை பார்த்தாயிற்று. முகம் பார்த்துப் பேச வேண்டியிருந்தால் பதினோரு வருடம் தாங்கியிருக்காது.

அவர்களுக்குச் சோறு போட்டது இசை அரங்கம். சீசன் முழுக்க ஒவ்வொரு கச்சேரிக்கும் படம் எடுக்கும் வேலை. அது போனால் மிச்சம் இருப்பது ஸ்டூலில் வந்து உட்காரும் பாஸ்போர்ட் முகங்கள்தான். அந்த வேலைக்குத்தான் இந்த வருடம் ஆபத்து வந்தது. பதிவான கச்சேரியில், மெதுவான இடங்களிலெல்லாம் பல்லி கத்துவதுபோல் கேமராச் சத்தம் கேட்கிறது என்று பாடகி ஒருவர் புகார் சொல்லிவிட்டார். சத்தம் போடும் கேமரா இனி உள்ளே வரக்கூடாது, ஒத்திகை நாளன்று சத்தமில்லாமல் எடுத்துக் காட்டுகிறவர்களுக்கே சீசன் வேலை என்று அரங்கத்து மேனேஜர் சொல்லிவிட்டார். ஒத்திகைக்கு இரண்டு வாரம் இருந்தது.

அதே வாரம் ஒரு புதுக் கேமரா வெளியானது. ஷட்டர் அசையாது, ஊசி விழும் சத்தம்கூட வராது என்றார்கள்.

"நாளைக்கே வாங்கிடலாம்க்கா" என்றான் தம்பி, திரையைப் பார்த்தபடி.

"வந்து நாலு நாள்தான்டா ஆகுது."

"அதனால?"

"நாலு நாள் குழந்தை கையில வண்டியைக் குடுத்து ஓட்டச் சொல்லுவியா?"

"உன் கையில குடுத்தா மட்டும்? சாவியைப் போடவே ஆறு மாசம் ஆகும்."

இந்த ஒரு சீசனுக்கு மட்டும் கேமராவைத் தடித்த உறைக்குள் வைத்து எடுக்கிறோம், அவகாசம் கொடுங்கள் என்று கேட்கலாமென மேனேஜருக்குப் போன் போட்டாள். மேனேஜர் குழம்பிப்போனார்.

"நீங்க இனிமே வரலைன்னு உங்க தம்பி சொன்னாரேம்மா? அக்காவுக்கு வயசாயிடுச்சு, புதுசுன்னாலே பயப்படுறாங்க, இனி நான் மட்டும்தான்னார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம்பி யாரோ ஒருவரின் முகத்தில் பரு அழித்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கேமரா கடைக்குப் போனாள்.

கடையில் எல்லோரும் தொட்டுப் பார்ப்பதற்காக அந்தப் புதுக் கேமரா ஒன்றை வைத்திருந்தார்கள். கடைக்காரரைக் கெஞ்சி, கூடவே விற்பனை ஆளையும் அழைத்துக்கொண்டு, அதை அரங்கத்துக்கு எடுத்துப் போனாள். மேடை விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த லைட்காரர் பழைய பழக்கம். ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி எடுத்துப் பார்த்தாள். சத்தம் இல்லைதான். ஆனால் படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டைகள். மேடையில் இருந்தவை புது மாதிரி விளக்குகள். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. அந்தத் துடிப்பும் கேமராவின் வேகமும் ஒத்துப் போகாவிட்டால் பட்டை விழும். ஷட்டர் வேகத்தை நூலளவு நூலளவாக மாற்றி, முன்வரிசை விளக்குக்கு ஒரு நம்பர், பக்க விளக்குக்கு ஒன்று, பின்னாலிருந்த நீல விளக்குக்கு வேறொன்று என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்கே ஒரு பகல் போயிற்று.

திரும்பி வந்தபோது தம்பி புதுக் கேமராவோடு நின்றான். பெட்டி மேசைமேல் பிளந்து கிடந்தது. ஜன்னலோரம் வெயிலில் எடுத்த படங்களை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"முதல் லாட்ல முதல் பீஸ். பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. சொல்லு இப்ப, என்ன குறை?"

ஹால் விளக்குல எடுத்துப் பார்த்தியா என்று ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. மேனேஜர் போனில் சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். அதில் பொய்யில்லை. வெயிலில் அது நல்ல கேமராதான்.

ஒத்திகையன்று அவள் மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாடகி பாடிக்கொண்டிருக்க, தம்பி மேடையைச் சுற்றிச் சுற்றி எடுத்தான். கேமராவிடமிருந்து ஒரு சத்தமில்லை. மேனேஜர் தலையாட்டிக்கொண்டே வந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது? அந்த அம்மாவை ஜெயில் கம்பிக்குப் பின்னால நிக்க வெச்சிருக்க?"

தம்பி இதைத் திருகினான், அதைத் திருகினான். அடுத்த படத்தில் கம்பிகள் இன்னும் தடித்தன. சட்டைக் காலருக்குள் வியர்வை இறங்கியது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் போனை எடுத்த பிறகுதான் அவள் எழுந்து போனாள்.

"கேமராவைக் குடு."

"முடியாது."

"குடுடா."

"குடுத்துத் தொலைய்யா" என்றார் மேனேஜர்.

வாரைக் கழற்றி அவள் கையில் எறியாத குறையாகக் கொடுத்தான். சின்னச் சக்கரத்தை நாலு சொடுக்குச் சுழற்றி ஒன்று எடுத்தாள். பாடகியின் முகம் கழுவிவிட்டதுபோல் வந்தது.

"இதை முதல்லயே செய்யறதுக்கென்ன?"

"என்னை யாரும் கேக்கல சார்."

தம்பியின் முகம் மாறியது. "உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாள்."

"சீசன் உங்களுக்குத்தாம்மா, வெள்ளிக்கிழமை முதல் கச்சேரி" என்று சொல்லிவிட்டு மேனேஜர் நகர்ந்தார். அவர் போனதும் தம்பி அவள் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிப் பையில் போட்டான்.

"பில் என் பேர்ல இருக்கு. நீ சீசனை வெச்சுக்க."

அங்கிருந்து நேரே கடைக்கு ஓடினாள். தொட்டுப் பார்க்க வைத்திருந்தது கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டது. அடுத்த லாட் மூன்று வாரம் கழித்துத்தான்.

"உங்களுக்கு என்ன மேடம் அவசரம்? அடுத்த வருஷம்தான் வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர்.

"என் பேரை எழுதிக்கோங்க. முதல் பேரா."

கடைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு எழுதினார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

வியாழன் காலை தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாள். தம்பி மனைவி பாதிதான் திறந்தாள்.

"என்ன அண்ணி, வழி தவறி வந்துட்டீங்களா?"

"அவன் இருக்கானா?"

"இருக்கார். உங்களுக்கு இருக்காரான்னு கேட்டுட்டு வர்றேன்."

உள்ளே தம்பி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"இரவல் கேக்க வந்தியா?"

"ஆமா."

"தர மாட்டேன்."

"சரி, நீயே வந்து எடு. பக்கத்துல இருந்து நம்பர் நான் சொல்றேன்."

"எழுதிக் குடுத்துட்டு நீ வீட்டுல இரு."

"எழுதித் தர மாட்டேன்."

"நல்ல கூத்து" என்று உள்ளிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது.

தம்பி துணியைக் கீழே வைத்தான். "ஒன்பது நாள் வாயை மூடிட்டு இருந்து என்னை அத்தனை பேர் முன்னால நிக்க வெச்சியே, அதுக்கு மன்னிப்புக் கேளு. வர்றேன்."

"எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லி வேலையைப் பிடுங்கப் பார்த்தியே, அதுக்கு நீ கேளு. முதல்ல."

இருவரும் கேட்கவில்லை. கேட்கும் சாயலும் தெரியவில்லை. கடைசியில் தம்பி மறுபடி துணியை எடுத்தான்.

"அஞ்சு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தா நான் நிக்க மாட்டேன்."

"நாலரைக்கே இருப்பேன். நீ வந்து சேரு."

வெள்ளிக்கிழமை பக்கவாட்டு நடைபாதையில் ஒட்டி ஒட்டி இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் தன்னுடையதை ஒரு முழம் தள்ளிப் போட்டான். கேமரா அவன் கழுத்தில். எந்தப் பாட்டுக்கு எந்த விளக்கு என்று லைட்காரர் கொடுத்த சீட்டு அவள் மடியில், மடித்தபடி. விளக்கு மாறும்போதெல்லாம் அவள் நம்பரைச் சொன்னாள், அவன் சக்கரத்தைத் திருப்பினான். படங்கள் பிசகில்லாமல் வந்துகொண்டிருந்தன.

மூன்றாவது பாட்டில் அவன் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "அடுத்தது எப்ப மாறும்?"

"மாறும்போது சொல்றேன்."

அப்போதுதான் கவனித்தாள். இடது உள்ளங்கையில் பேனாவால் அவன் நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தான். மூன்று ஏறியிருந்தது, பக்கத்திலேயே விளக்கின் நிறமும். அவளுடைய கேமரா வர மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அவன் கை நிரம்பிவிட்டால் மேனேஜரின் கதவை மறுபடி தட்டுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

மேடை நீலமானது. அவள் நம்பரை மெதுவாகச் சொன்னாள். காதில் விழாமல் அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டு தலையைச் சாய்த்தான்.

"என்ன?"

அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள்.