பூண்டுத் தோட்டத்துத் தீவு

என் பக்கத்துத் தோட்டக்காரரைத் தீவில் குடிவைத்தவன் நான்தான். அந்தத் தீவைத் தோண்டிய கம்பெனிமேல் பழியைப் போட வழி இருந்தது. ரொம்ப நாள் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் யோசனை என்னுடையது.

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கிச் சரிவில் எங்கள் நிலங்கள் அடுத்தடுத்து இருந்தன. நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். அவர் சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்தவர். கூலிவேலை செய்து வாங்கிய துண்டு நிலத்தில் பூண்டு போட்டுக்கொண்டு, மனைவியோடும் ஒரு பசுவோடும் அங்கேயே இருந்தார்.

வளைகுடா நகரம் ஒன்றில் கடலுக்குள் மண்ணைக் கொட்டி, பேரீச்சை மர வடிவில் தீவு செய்து, பங்களா கட்டி விற்கிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு முதலாளி கொடைக்கானல் மலையிலும் அதையே செய்யப் புறப்பட்டார். இங்கே கடல் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, என் நிலத்துக்கு நல்ல விலை சொல்லியிருந்தார். எல்லோரும் விற்றால்தான் திட்டம் நடக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் மறுத்தார்.

கைக்கு வந்தது போய்விடுமோ என்ற பயத்தில் முதலாளியிடம் சொன்னேன்: "நாலு பக்கமும் தண்ணி இருந்தா அதுதாங்க தீவு. அவர் நிலத்தை விட்டுட்டுச் சுத்தித் தோண்டுங்க. மண்ணு கொட்டுற செலவே இல்ல."

காலமெல்லாம் வகுப்பில் சொன்ன வரையறை. மாணவர்கள் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

தோண்டினார்கள். மழை நிரப்பியது. ஒருநாள் வெள்ளனே அவர் பூண்டு மூட்டையோடு பெருமாள்மலைக்குக் கிளம்பி, பாதை இருந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்து நின்றார். இக்கரையில் நான் காபித் தம்ளரோடு நின்றேன்.

"தீவை விட்டுப் போங்கன்னு எங்களைக் கப்பலேத்தி அனுப்பினாங்க சார்," என்று கத்தினார். "நீங்க தீவைக் கொடுத்துட்டீங்க, கப்பலைக் கொடுக்கலையே!"

யோசனை யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி விளம்பரத்தில் அவர் படம் வந்தது: 'எங்கள் தீவின் பூர்வகுடி.'

கொடைக்கானல் ஏரிப் படகுத்துறையில் கழித்துப்போட்ட பெடல் படகு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அன்னப்பறவை வடிவம், கழுத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. ஒரு இருக்கையில் அவர், மறு இருக்கையில் மூட்டை. கரையில் கம்பெனி கட்டிய பங்களாக்களுக்குச் சுற்றுலா வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"ஒரு ரவுண்டு எவ்வளவுண்ணே?" என்று ஒருவன் கேட்டான்.

"இதுல பூண்டு மட்டுந்தான் தம்பி ஏறும். நீங்க பூண்டா?"

பசு மட்டும் படகில் ஏற மறுத்தது. கன்று போட முடியாமல் அது கதறிய அன்று, கால்நடை மருத்துவர் கரையில் நின்று, "இந்த வாத்து மேலயா போகணும்?" என்றார். ஏறினார். அழைக்க வந்த தோட்டக்காரர் பின்னால் ஒண்டிக்கொள்ள, நானும் மருத்துவரும் மிதித்தோம். போய்ச் சேர்வதற்குள் கன்று செத்துப்போயிருந்தது.

நான் விற்றதில், என் வீட்டுக்குப் பின்னால் குளத்தில் மூழ்கிய ஒரு பட்டை நிலத்துக்கு இன்னும் பத்திரம் முடிந்திருக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதில் கல்லும் மண்ணும் கொட்டி அவர் தோட்டம் வரை கரை போட்டேன். முதலாளி ஓடிவந்தார்.

"என்ன சார், தீவைக் கெடுத்துட்டீங்களே!"

"இப்ப மூணு பக்கந்தாங்க தண்ணி. இது தீபகற்பம்."

அடுத்த வாரமே பெயர்ப்பலகையில் 'தீபகற்பம்' என்று மாற்றி, பங்களா வாடகையையும் ஏற்றிவிட்டார்.

கரையில் முதலில் பசு நடந்து வந்தது. பின்னால் தோட்டக்காரரின் மனைவி. அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தோட்டக்காரர் மட்டும் கரையை ஒட்டியே அன்னத்தை மிதித்துக்கொண்டு வந்தார். இன்றும் அப்படித்தான் வருகிறார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்:

"நடந்தே வரலாமேங்க?"

"இருக்கட்டும் சார். இதுல நடந்து பழகிட்டா, நாளைக்கு யார்கிட்ட என்ன யோசனை சொல்லுவீங்களோ."

அன்னத்தின் கழுத்து ஆட ஆட, மிதித்துக்கொண்டு போனார்.