குலுக்கினால் சத்தம் வர வேண்டும்

அடிபட்ட காலுக்கு வைக்கும் குளிர்ப்பைதான் எங்கள் கம்பெனிச் சரக்கு. வெளிப்பையில் யூரியா, அதற்குள் மெல்லிய தண்ணீர்ப் பை. ஓங்கி ஒரு குத்து விட்டால் தண்ணீர்ப் பை உடைந்து, யூரியா கரைந்து, மொத்தமும் சில்லிட்டுப் போகும். இருபது வருடமாக அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவளை ஐஸக்கா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் எனக்கே சட்டென்று ஞாபகம் வராது.

ஐஸக்கா ஒவ்வொரு பையையும் காதோரம் வைத்துக் குலுக்குவாள். உள்ளே காய்ந்த யூரியா மணிகள் சரசரவென்று கேட்டால் நல்ல பை. மேனேஜருக்கு அது வேலை மெனக்கெட்ட வேலை. அவர் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "குளிரலையே. அப்போ உள்ள எதுவும் நடக்கல" என்பார், அவ்வளவுதான் சோதனை.

இந்த முறை உள்பைக்குப் புது பிளாஸ்டிக் வாங்கினார். ஒரே மாதத்தில் கிடங்கிலிருந்த பைகளில் சத்தம் நின்றுவிட்டது. ஐஸக்கா நாலைந்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் போட்டாள்.

"சார், தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்கு. யூரியா எல்லாம் கரைஞ்சாச்சு."

"கரைஞ்சா ஜில்லுனு இருக்கணுமே. சூட்டை வெளிய விடுற வினைதாம்மா தானா நடக்கும். இது சூட்டை உள்ள இழுக்குது. நாம குத்தாம எப்படி நடக்கும்?"

ஐஸக்கா இரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் படித்து, கல்யாணத்தோடு நிறுத்தியவள். பொறுமையாகத்தான் சொன்னாள். "சூட்டை மட்டும் பாத்தா போதாது சார். அடுக்கா இருந்த யூரியா தண்ணியில சிதறுது. அந்தச் சிதறலைத்தான் என்ட்ரோபின்னு சொல்றோம். இழுத்த சூட்டை விட அது கூடுறது பெருசு. மொத்தத்துல கட்டிலா ஆற்றல், அதாவது வேலைக்கு எடுத்துக்கக் கூடிய ஆற்றல், குறையுது, அதனால தானாவே கரையுது. நம்ம குத்து தண்ணிக்கு வழி விடுறதுக்குத்தான். இது ஒரு மாசமா மெதுவா கரைஞ்சதால கிடங்குல இருந்தே சூட்டை எடுத்துக்கிட்டுது. குளிர்ச்சி யாருக்கும் தெரியல."

"பாடம் எடுக்காதம்மா. மூணு நாள்ல லாரி வருது."

பள்ளிக்கூடங்களுக்குப் போகிற ஐநூறு பை. மூன்று நாள் மல்லுக்கட்டினாள். பக்கத்து மேசையில் சீல் போட்டுக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. மூன்றாம் நாள், "கையெழுத்து போடு, இல்லாட்டி நாளையிலிருந்து வராத" என்றார். அவள் ஒருத்தி உழைப்பில் ஓடுகிற வீடு. போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அவள் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. நானும் கூடப் போனேன். ஓடும்போது மகளுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. விளையாட்டு டீச்சர் கையில் எங்கள் பை.

"டீச்சர் நாலு குத்து குத்திட்டாங்கம்மா. சில்லுனே ஆகல" என்றாள் மகள். பைகள் வந்த பெட்டியில் ஒட்டியிருந்த சோதனைச் சீட்டைக் காட்டினாள். "இது உன் கையெழுத்துதானே?"

ஐஸக்கா பெட்டியில் மிச்சமிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் குலுக்கினாள். ஒன்றிலும் சத்தம் இல்லை.