அவருக்கு மட்டும் ஓடிய வீடியோக்கள்

பாடப் பக்கத்தில் வீடியோ சேர்ப்பவனிடம் யாரும் வந்து வீடியோ ஓடுகிறது என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்ல வந்த ஒரே மனிதர் தேவசகாயம் சார். அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்ததும் அப்போதுதான், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை. பாடக்குறிப்பு, அசைன்மென்ட், வீடியோ எல்லாம் மாணவர்களுக்கு ஒரே இடத்தில் கிடைக்கும் இணையதளத்தை எல்.எம்.எஸ். என்போம். நான் இதற்குப் படித்தவன் இல்லை. மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தவன். மனைவி போன பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். இதே வேலையில் அவதிப்படும் உங்களுக்குத் தெரியும், வீடியோ நம் பக்கத்தில் இருப்பதே இல்லை. அது வேறொரு தளத்தில், ஆசிரியரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. நாம் இங்கே ஒரு ஜன்னல் வெட்டி வைக்கிறோம், அவ்வளவுதான்.

தேவசகாயம் சார் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எடுப்பவர். தன் வீடியோ எல்லாவற்றையும் 'பிரைவேட்' என்று வைத்திருந்தார். அப்படி வைத்தால் கணக்குக்குச் சொந்தக்காரர் மட்டுமே பார்க்கலாம். மாணவர்களுக்கு வெறும் கறுப்புப் பெட்டி. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தன் செல்போனை என் மேஜையில் வைத்து ஓட்டிக் காட்டினார். "எனக்கு ஓடுதே சார்! பாருங்க, என்னா க்ளியரா ஓடுது!"

வஞ்சிரம்

வீடியோவை எல்லாருக்கும் திறந்துவிட எங்கள் ஆசிரியர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. கெமிஸ்ட்ரி மேடம் ஒருவர் துருப்பிடித்தலைப் பற்றிய வீடியோவை எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். பாடம் முடிந்ததும் அந்தத் தளம் தன் இஷ்டத்துக்கு அடுத்த வீடியோவை ஓட்டிவிடும். ப்ரொஜெக்டரில் மொத்த வகுப்பும் பார்த்தது. வைஸ் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டனுப்பிக் கேட்டார்: "துரு எல்லாம் சரி. அந்த வஞ்சிரம் வறுவல் எந்த யூனிட்ல வருது சார்?"

திங்கட்கிழமை

தேவசகாயம் சாருக்கு நடந்தது இன்னும் மோசம். குழாயில் தண்ணீர் சுழல்வதை அவர் கையை வீசி நடித்துக் காட்டுவார். அதைப் படமெடுத்துப் பையன்கள் மீம் போட்டார்கள். அன்றிலிருந்துதான் பிரைவேட். நம் பக்கத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கவும் வழி இருக்கிறது என்று அந்த வெள்ளிக்கிழமை நான் சொன்னேன். பரீட்சை நெருங்குகிறதே என்றுதான் கடைசியில் இறங்கி வந்தார். "திங்கக்கிழமை மாத்திடலாம் சார். நீங்களே பக்கத்துல உக்காந்து, எதை அழுத்தணும்னு காட்டுங்க."

சுறுசுறுப்பு

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். மாரடைப்பு. திங்கட்கிழமை அடக்கம்.

அந்தப் பாடத்தை எடுக்கத் துறையில் வேறு ஆள் இல்லை. ஐந்து யூனிட்டும் அந்தப் பூட்டிய வீடியோக்களில் இருந்தன. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நான் தைரியமாக இருந்தேன், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால் அவருடைய நம்பருக்கு ஓ.டி.பி. வருமே. அந்த நம்பர் கல்லூரி மொத்தமாக வாங்கித் தந்த இணைப்புகளில் ஒன்று. எனக்கு ஒரு நாற்காலி தர வருஷக்கணக்கில் இழுத்தடித்த அதே அலுவலகத்தில் போய் விசாரித்தேன். சூப்பரின்டென்டென்ட் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "அதெல்லாம் அடக்கத்தன்னிக்கே கேன்சல் பண்ணியாச்சு சார். நம்ம ஆபீஸ் ஸ்லோன்னு எவன் சொன்னான்?"

போன்

மிச்சம் இருந்தது அவருடைய போன். அதில் கணக்கு திறந்தபடியே இருக்கும். இறந்தவர்களின் போனில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. என் மனைவியின் போனை இன்னும் அவ்வப்போது சார்ஜில் போடுகிறேன். வேறு வழியில்லாமல் சாரின் மனைவி ஸ்டெல்லா அம்மாவிடம், போனைக் கல்லூரிக்குக் கொண்டுவர முடியுமா என்று மட்டும் கேட்டேன். துக்க வீட்டில் அதற்குமேல் விளக்க மனம் வரவில்லை.

பொழிச்சலூரிலிருந்து பஸ் மாறி வந்தார். உட்கார்ந்ததும் என் கம்ப்யூட்டரில் சாரின் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னார். சார் வீட்டில் பாடத்தைப் பதிவு செய்யும்போது போனைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்த அம்மாதானாம். வீட்டுக்கு மேலே விமானம் போனால் சார் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கியதும் இவர் "போயிடுச்சு, பேசுங்க" என்பார். "இதோ பேசறேன், மேடம்" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு அவர் தொடர்வார். "பாடம் எனக்கு ஒண்ணும் புரியாது சார். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது அதுலதான் இருக்கு" என்றார்.

போனை வாங்கி ஆன் செய்தேன். எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "நீங்க கேட்டதும், காலேஜ் நம்பர் போட்ட போனாச்சே, திருப்பிக் குடுக்கறப்போ நீட்டா குடுக்கணும்னு என் தம்பிதான் மார்க்கெட் கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சு வாங்கினு வந்தான். உள்ள ஒண்ணும் இல்ல சார், நல்லாப் பாத்துக்குங்க."

அரியர்

வீடியோ தளத்துக்கு எழுதினோம். இறந்தவரின் கணக்கை மூட வேண்டுமானால் இறப்புச் சான்றிதழ் அனுப்பலாம், திறந்து தர இயலாது என்று பதில் வந்தது. ஸ்டெல்லா அம்மாவுக்கு அதை நான்தான் போனில் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது பையன்கள்தான். பல்லாவரத்திலிருந்து வரும் ஒருவன் இந்தப் பேப்பரில் ஏற்கெனவே அரியர் வைத்திருப்பவன். தினமும் என் அறை வாசலில் வந்து நிற்பான். ஒருநாள் பொறுமை போய்விட்டது. "இன்னாண்ணா இது, பேஜாரா கீது. சார் இருந்தப்பவும் ஓடல, போனப்புறமும் ஓடல!"

ஆய்வு

அடுத்து ஒரு ஆய்வுக் குழு வந்தது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் வீடியோ இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. முந்தின நாள் துறைத் தலைவரிடம் போய், ஓடாத அந்தப் பெட்டிகளைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடட்டுமா, பார்க்கிறவர்களுக்கு வேதனையாக இருக்கிறது என்றேன். அவர் பதறிப்போய் எழுந்துவிட்டார். "அய்யோ, தொட்டுடாதீங்க! அவங்க என்ன உக்காந்து ஓட்டியா பாக்கப் போறாங்க?"

ஓட்டிப் பார்க்கவில்லைதான், எண்ணி மட்டும் பார்த்தார்கள். எங்கள் கல்லூரியின் அத்தனை பாடங்களிலும், வீடியோக்கள் முழுமையாகச் சேர்க்கப்பட்டுள்ளன என்று பச்சைக் குறி வாங்கியிருப்பது தேவசகாயம் சாரின் பாடம் ஒன்றுதான்.