ஓடுபாதையில் உடைத்த தேங்காய்

அந்தப் பிக்கப்பை வாங்கியபோது சாரதியின் காலடியில் ஓட்டை இருந்தது. ஓட்டும்போது குனிந்தால் ரோட்டு தெரியும். மழை பெய்தால் சப்பாத்து நனையும். ஜப்பான் வண்டி, இரண்டு லீற்றர் பெற்றோல் என்ஜின், பின்னால் திறந்த பெட்டி. என்ஜின் நல்லது. மற்றதெல்லாம் துரு.

அதை வாங்கியதற்கு ஒரே காரணம் பெற்றோல் நிலைய வேலை. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்த எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப்பேர் செய்த அதே இரவு ஷிப்ட்தான் எனக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து காசு வாங்க வேண்டும். குடித்துவிட்டு வருகிறவர்கள் கண்ணாடியில் துப்புவார்கள். உள்ளே இருந்து துடைக்க முடியாது, வெளியே போக முதலாளி விடமாட்டார். விடியும்வரை அந்தத் துப்பலுக்கு ஊடாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். நான் கோபக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கூண்டுக்குள் இருந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பிக்கப் வந்ததும் வேலையை விட்டேன். விடியப்புறம் மொத்தச் சந்தையில் மரக்கறி ஏற்றி, ரூட்டிங்கிலும் லூயிஷாமிலும் எங்கள் ஆட்களின் கடைகளுக்கு இறக்குவேன். பின்னேரத்தில் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு வாசலில் காட்போட் மட்டையை விரித்து, வண்டிக்குக் கீழே படுத்திருப்பேன். தரையை வெட்டித் தகடு வைத்து ஒட்டினேன். பிரேக் குழாய்களை மாற்றினேன். பழைய வண்டி வைத்திருப்பது நோயாளி ஒருவரை வீட்டில் வைத்திருப்பதைப் போன்றது. ஒன்றைச் சுகமாக்கினால் இன்னொன்று நோகும். ஆனாலும் அது என்னை ஒருநாளும் ரோட்டில் விட்டதில்லை. அதற்காக அதன் மேல் எனக்கு இருந்த மரியாதை, பல மனிதர்கள் மேல் இருந்ததில்லை.

என் மனைவியின் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். வங்கியில் வேலை, துடைத்து வைத்த கார்.

“அத்தான், உந்தப் பிக்கப்பை ஸ்கிராப்புக்குக் குடுத்திட்டு ஒரு வான் எடுங்கோவன். சனம் சிரிக்குது.”

“சிரிக்கிற சனத்தை வந்து வெங்காய மூட்டை இறக்கச் சொல்லு.”

“உங்களோட கதைக்கேலாது.”

“அப்ப கதையாதை. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு.”

எடுத்துத் தருவான். கை ஊத்தையாகும் என்று இரண்டு விரலால் பிடித்துத் தருவான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்ட் ஒன்றில் கார்பரேற்றர் தேடப் போனபோது சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல் ஒன்றைப் பார்த்தேன். வடக்கே எங்கோ யுத்தகாலத்து விமானத்தளம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் ஓடுபாதையில் யாரும் எந்த வண்டியையும் கொண்டுவந்து நேராக ஓடலாம். முடிவில் வேகத்தை அளப்பார்கள். பரிசு என்ன என்று யார்ட்காரனிடம் கேட்டேன். ஒன்றும் இல்லையாம். வேகத்தை ஒரு துண்டில் எழுதித் தருவார்களாம்.

எனக்கு அது பிடித்துவிட்டது. இந்தப் பிக்கப் நூறு மைல் வேகத்தில் ஓடவேண்டும். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், அதுவரை என் வாழ்க்கையில் நடந்ததெல்லாம் வேறு யாரோ ஆசைப்பட்டவை. படிப்பு அப்பாவின் ஆசை. லண்டன் மாமாவின் ஆசை. இந்த நூறு மட்டும் என்னுடையது.

மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“உடைஞ்சா?”

“உடையாது.”

“உடைஞ்சா எண்டு கேக்கிறன்.”

“திருத்துவன்.”

“திங்கட்கிழமை ஆர் மரக்கறி ஏத்துறது? கடைக்காரர் ஒரு நாள் பொறுப்பினம். அடுத்த நாள் வேறை ஆளைப் பிடிச்சிடுவினம். பிறகு நீங்கள் திரும்பவும் அந்தக் கூண்டுக்குள்ளைதான்.”

அவள் சொன்னது முழுவதும் சரி. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அவளே சொன்னாள்: “ஒருக்கா மட்டும் ஓடுங்கோ. ஆனால் திங்கட்கிழமை வண்டி வாசல்லை நிக்கவேணும்.”

அந்தக் கோடை முழுக்க வேலை. யார்ட்டில் இருந்து கொண்டுவந்த இரட்டைக் கார்பரேற்றரைப் பூட்டினேன். காற்று பிடிக்கக்கூடிய இடைவெளிகளை எல்லாம் பசை நாடா ஒட்டி மூடினேன். திறந்த பெட்டிதான் பெரிய பிரச்சினை. காற்று அதற்குள் இறங்கிப் பின்னால் இழுக்கும். தார்ப்பாய்ப் படங்கு ஒன்றை மேலே கட்டினால் படபடவென்று அடிக்கும். என் மனைவி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சாக்குத் தைக்கிற ஊசியைக் கொண்டுவந்தாள். ஓரம் மடித்து, கயிறு கோத்து, மேளத்துக்குத் தோல் இழுத்த மாதிரி இறுக்கித் தந்தாள். “விசர் வேலை, விசர் வேலை” என்று, பைத்தியக்காரனுக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டேதான் தைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டுபேரும் போனோம். வயல்களுக்கு நடுவே நீளமான கொங்கிறீற் பாதை. மோட்டார் சைக்கிள்கள், வீட்டிலேயே செய்த, சுருட்டு மாதிரி நீண்ட வண்டிகள், கூரை வெட்டிய பழைய கார்கள். மரக்கறி ஏற்றுகிற பிக்கப் என்னுடையது ஒன்றுதான். சேலைக்கு மேல் குளிர் கோட்டும், காலில் என்னுடைய பழைய சப்பாத்தும் போட்டிருந்தவள் என் மனைவி ஒருத்திதான். வண்டியைச் சோதித்தவர்கள் சக்கரங்களை ஆட்டிப் பார்த்து, பற்றறியை இழுத்துப் பார்த்து, ஓடலாம் என்று ஒரு ஸ்ரிக்கரை ஒட்டினார்கள்.

வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. ஹெல்மெட்டைப் போட்டு, பெல்ற்றை இறுக்கினேன். அப்போதுதான் மனைவி வண்டிக்கு முன்னால் நடந்து போவதைக் கண்டேன். கோட்டுக்குள் இருந்து தேங்காய் ஒன்றை எடுத்தாள். நான் வாயைத் திறக்கமுன், தலைக்கு மேல் தூக்கி, தொடக்கக் கோட்டிலேயே ஓங்கி அடித்தாள்.

ரூட்டிங் கடையில் நல்ல தேங்காயாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். சிதறியது.

அந்த இடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பாதையில் கல் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சின்னக் கூர் போதும், அந்த வேகத்தில் ரயரைக் கிழித்துவிடும். கொடி பிடித்து வண்டிகளை விடுகிற வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். பெரிய உடம்பு, சிவந்த முகம். அந்த முகம் இன்னும் சிவந்தது.

“என்ன இது? என்னுடைய பாதையில் என்ன இது?”

“தேங்காய்,” என்றேன்.

“தேங்காய் என்று தெரிகிறது! ஏன் இங்கே கிடக்கிறது?”

நான் மனைவியைப் பார்த்துக் கத்தினேன். “நீர் என்ன செய்தனீர்?”

“நல்லதுக்கு உடைக்கிறது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ.”

“நீரே சொல்லும்!”

“ஏன், உங்களுக்கு வாய் இல்லையே? எனக்கெண்டால் நல்லாக் கத்துவியள்.”

அந்த ஆள் மூச்சு விடாமல் கத்தினார். கையை ஆட்டிக் கத்தினார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்த நாட்டில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். என் நிறத்துக்காக, நான் அங்கே நிற்பதற்காக, மீதிக்காசை நான் எண்ணிக் கொடுத்த விதத்துக்காக. இந்த மனிதர் கத்தியது தேங்காய்க்காக. பாதையில் தேங்காய் உடைத்த எவனைப் பார்த்தும் அவர் அப்படித்தான் கத்தியிருப்பார். அந்தக் கத்தலுக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன்.

கத்தி முடிந்ததும் அவரே முதலில் குனிந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். தோல் உடுப்புப் போட்ட மோட்டார் சைக்கிள்காரர்கள் முழங்காலில் இருந்து சிரட்டைத் துண்டு பொறுக்கினார்கள். வேகம் அளக்கிற குடிலில் இருந்து ஒரு அம்மா கூட்டுகிற தும்புத்தடியோடு வந்தார். என் மனைவி வெள்ளைத் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைத் தனியாகத் தேடிப் பொறுக்கினாள்.

நான் என்ஜினை நிறுத்தி இறங்கினேன். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.

ரேடியேற்றரின் கீழ் ஹோஸ் முட்டை மாதிரி வீங்கி நின்றது.

ஏன் முதலே பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். ஆறியிருக்கும்போது அந்த ரப்பர் குழாய் சுருங்கி நல்லபிள்ளை மாதிரி இருக்கும். சூடேறித் தண்ணீர் அழுத்தினால்தான் வீங்கும். அன்று நல்ல சூடு. விரலால் தொட்டேன், மெத்தென்று இருந்தது. முழு வேகத்தில் ஓடியிருந்தால் நடுவழியில் வெடித்து, தண்ணீர் முழுக்கக் கொட்டி, நான் நிறுத்துவதற்குள் என்ஜின் வெந்திருக்கும். திங்கட்கிழமை இல்லை. மரக்கறி இல்லை. கூண்டு.

கொடிக்காரரிடம் ஓடவில்லை என்று சொன்னேன். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினோம்.

“பிள்ளையார் காட்டித் தந்திட்டார்,” என்றாள் மனைவி.

“காட்டின பிள்ளையார் ஒரு ஹோசையும் தந்திருக்கலாம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதுவரை விசர் என்று சொன்னவள் அந்த நேரத்தில் சொல்லவில்லை.

கொடிக்காரர் வந்து ஹோசைப் பார்த்தார். நடந்துபோய், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் வண்டிகள் நின்ற பக்கம் திரும்பி, தேங்காய்க்குக் கத்திய அதே குரலில் யாரையோ கூப்பிட்டார். வயதான ஒரு விவசாயி வந்தார். தொப்பி, சேற்றுச் சப்பாத்து, காலடியில் ஒரு கறுப்பு நாய். அவரும் பார்த்தார். தலையாட்டினார். என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்றது என்னுடையதைப் போலவே ஒரு பிக்கப். அதே ஜப்பான் வண்டி, அதே துரு. பெட்டி நிறைய வைக்கோல்.

பொனட்டைத் திறந்தார். கீழே ஒரு வாளியை வைத்தார். திருகாணியைக் கழற்றினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“உங்கள் வண்டி?” என்றேன்.

“அது இப்போது எங்கேயும் போகவில்லையே,” என்றார்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் ஹோசைக் கழற்றி, முன்பின் தெரியாத ஒருவனின் கையில் தந்தார். எனக்கு என் சொந்தக்காரர் கார்ச் சாவியைக்கூடத் தந்ததில்லை.

என் என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, அந்த ஹோசைப் பூட்டித் தண்ணீர் ஊற்றினேன். சூடாக்கிப் பார்த்தேன். ஒழுகவில்லை, வீங்கவில்லை. மற்ற எல்லோரும் ஓடி முடித்திருந்தார்கள். கொடிக்காரர் எனக்காகப் பாதையை மூடாமல் வைத்திருந்தார். ஜன்னலால் குனிந்து, “இந்த முறை தேங்காய் வேண்டாம்,” என்றார். கொடியை அசைத்தார்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் பாதியில் சத்தம்தான். கடைசிக் கியருக்குப் போனபின் வண்டி தயங்கியது. பக்கக் காற்று தள்ளியது. மிதித்த காலை நான் எடுக்கவில்லை. ஸ்ரியரிங் லேசாகி, ரோட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி ஒரு நேரம். முடிவுக் கம்பங்கள் தெரிந்தன, பின்னால் போயின. மெதுவாகப் பிரேக் பிடித்துத் திரும்பி வந்தேன். குடிலின் ஜன்னலால் அந்த அம்மா துண்டை நீட்டினார். நூற்றியொன்று.

நான் அழவில்லை. கத்தினேன். தமிழில், இங்கே எழுத முடியாத சொற்களால் கத்தினேன்.

பிறகுதான் கணக்கு உதைத்தது. இரண்டு பிக்கப், ஒரு ஹோஸ். ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கடையும் திறந்திருக்காது. விவசாயியிடம் போய்க் கழற்றித் தருகிறேன் என்றேன்.

“வைத்துக்கொள். நாளைக்கு உனக்கு வேலை இருக்கிறது.”

“உங்களுக்கு யார் சொன்னது?”

மனைவியைக் காட்டினார். நான் ஹோசைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மரக்கறி, கடைக்காரர், கண்ணாடிக் கூண்டு எல்லாம் சொல்லிவிட்டாள். அவருடைய வீடு சில மைல்தானாம், நடந்து போவாராம். அந்த வயதில். நான் அவரோடு சண்டை பிடித்தேன். உண்மையாகவே சண்டை. கடைசியில் என் பெட்டியில் இருந்த கயிற்றை எடுத்து அவருடைய வண்டியை என்னுடையதோடு கட்டினேன்.

“நான் அவரோட வாறன். பாவம், தனிய இருப்பார்,” என்று மனைவி அங்கே ஏறிவிட்டாள்.

ஊர் ரோட்டுகளால் இழுத்துக்கொண்டு போனேன். வேகம் பத்து மைல் இருக்கும். பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. அடிக்கட்டும். காற்றுப் பிடிக்கும் என்று கழற்றிய பக்கக் கண்ணாடியைத் திரும்பப் பூட்டியிருந்தேன், அதில் பின் வண்டியில் இருந்த இரண்டுபேரையும் பார்த்தேன். மனைவி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள், அவர் தலையாட்டிக்கொண்டு வந்தார். நாயைக் கண்டால் ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போகிறவளின் மடியில் அந்தக் கறுப்பு நாய் தலையை வைத்துப் படுத்திருந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போலச் சந்தையில் ஏற்றினேன், கடைகளில் இறக்கினேன். பின்னேரம் மனைவியின் தம்பிக்குத் துண்டைக் காட்டினேன்.

“இது மோட்டர்வேயில எல்லாரும் ஓடுற வேகம்தானே அத்தான்?”

அவனுக்குப் பதிலை அவனுடைய அக்காவே சொன்னாள். அதையும் இங்கே எழுத முடியாது.

புதிய ஹோஸ் இரண்டு வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த விவசாயியின் தோட்டத்துக்குப் போனோம். நாங்கள் இழுத்துவந்து விட்ட இடத்திலேயே அவருடைய பிக்கப் நின்றது. அந்தக் கிழமை ஏழு நாளும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ட்ராக்டரில்தான் போய் வந்திருக்கிறார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. சேற்றில் படுத்து ஒன்றைப் பூட்டினேன், மற்றதை ஆசனத்துக்குப் பின்னால் வைத்தேன். என்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை கீழே படுத்தே பார்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

எழும்பி, நன்றி என்று சொன்னேன். எனக்குப் பழக்கமில்லாத சொல், சத்தமாக வந்துவிட்டது. அவர் தலையாட்டினார். பிறகு ட்ராக்டருக்குப் போய், அங்கே கிடந்த தன் மேலங்கியையும் நாயின் போர்வையையும் எடுத்துவந்து பிக்கப்பின் ஆசனத்தில் போட்டார்.