இளஞ்சிவப்பு வராத குழாய்

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் இரத்த உறவில்லாத ஒரே ஒருவருக்குத் தனிப்பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டு வெர்னா ஸ்கோக்ஸ்டாட். வடக்கு மினசோட்டாவில் எங்கள் ஊரின் பள்ளிப் பேருந்துகளை முப்பத்தோராண்டுகள் பழுதுபார்த்தவர்.

அது அக்டோபர் பத்தொன்பதாம் நாள். மாலைக்குள் கடுங்குளிர் இறங்கும் என்று வானொலி அறிவித்திருந்தது. என் தம்பி ஆர்டனுக்கு அடுத்த ஏப்ரல் முதல் ஏரிக்கரை முகாமில் காவல் வேலை. முகாமில் நிறுத்த இடம் மட்டுமே தருவார்கள். வீடு, எங்கள் முற்றத்தில் நின்ற அவனுடைய டிரெய்லர்தான், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு. அதன் குழாய்கள் உறைந்து வெடித்தால் வீடும் போகும், வேலையும் போகும்.

நீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைப் பம்பு வைத்து ஏற்றினோம். இரண்டு கேன் தீர்ந்தும் சமையலறைக் குழாயில் காற்றுதான் சீறியது. எஞ்சியது ஒரே கேன். ஊர்க் கடையிலோ இருப்பு தீர்ந்திருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து வெர்னாவின் குரல் கேட்டது.

"என்ன ஆர்டன், டிரெய்லருக்கு அவ்வளவு தாகமா?"

"எங்க போகுதுன்னே தெரியல வெர்னா. ஒழுகவும் இல்ல."

"வெந்நீர் ஹீட்டருக்குள்ள போகாம வழியைத் திருப்பிவிட்டியா?"

அப்படித் திருப்ப ஒரு வழி இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது.

"நல்லா இருக்கு! ஆறு கேலன் தொட்டிப்பா அது. தன் வயிறு நெறஞ்சாத்தான் உன் குழாய்க்கு விடும்."

அவர் வேலியைச் சுற்றி வந்து, டிரெய்லருக்குள் குப்புறப் படுத்து, கட்டிலுக்கடியிலிருந்த பலகையைக் கழற்றினார். ஹீட்டருக்குள் போகும் வால்வையும் வெளிவரும் வால்வையும் அடைத்து, இரண்டுக்கும் நடுவிலிருந்த குறுக்கு வால்வைத் திறந்தார். கடைசிக் கேனை வைத்துப் பம்பை ஓட்டியதும் குழாய்கள் ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பாயின. தொட்டி விழுங்கியதை அவர் வாளியில் வடித்து, காபி வடிக்கும் தாளில் வடிகட்டி, அங்கே தேங்கிய நீரும் உறையாதிருக்கக் கழுவுதொட்டிகளின் வடிகால்களில் ஊற்றினார். ஒரு கோப்பை அளவும் வீணாகவில்லை.

"காபி குடிங்க வெர்னா," என்றேன்.

"ஐயோ, வேணாம்."

"சூடா இருக்கு."

"எனக்காகச் சிரமப்படாதே."

"போட்டு வச்சாச்சு. ஆறிடும்."

"சரி, கீழ கொட்டப்போறதா இருந்தா அரைக் கோப்பை."

மூன்று கோப்பை குடித்தார்.

ஏப்ரலில் ஆர்டன் குழாய்களை நிறம் போக அலசினான். ஒரு மூட்டிலும் கசிவில்லை. முகாமுக்குப் புறப்படும் முன், அந்தக் குழாய் நீரில் முதன்முதலாகக் காபி போட்டு வேலியருகே கொண்டுபோய் நின்றான். வெர்னா எங்கள் ஊர் முறைப்படி இரண்டு தடவை மறுத்தார். தம்பி மூன்றாம் தடவை கேட்டு, அவர் கோப்பையை வாங்கும்வரை காத்திருந்து, அதன்பிறகே அவருடைய பக்கத்தில் நாளைக் குறித்துக்கொண்டேன்.