அத்தை பெயருக்கு அடுத்த சொல்

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத இங்கிலீஷ் வார்த்தையே கிடையாது என்பது இலுப்பூரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். மறுத்துப் பேசும் அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவர் எங்கள் தெருவில் யாருமில்லை என்பது வேறு கதை. புதுக்கோட்டை தர்பாருக்கு மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். அதில் இங்கிலாந்துக்காரனே மறந்துபோன பழைய வார்த்தைகளாகத் தேடித் தேடிப் போடுவார். பசு காணாமல் போய்விட்டது என்று ஒருவர் வந்து நின்றால் ‘கவ்’ என்று எழுத மாட்டார், ‘கைன்’ என்று எழுதுவார்.

“கவ்வுன்னா ஊருல மேயிற சாதா மாடுங்க. கைன்னு போட்டாத்தான் அங்கிட்டு தர்பாருல எந்திரிச்சு நிப்பாங்க” என்பார். யாருடைய மாடும் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் எல்லோரிடமும் ஒரு பந்தயம் கட்டுவார். எந்த இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வார். சொல்லத் தெரியாவிட்டால் சட்டைப் பையில் இருக்கும் மைப்பேனா கேட்டவருக்கு. அர்த்தத்தைச் சரிபார்க்கத் தடித்த இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்று இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பூனை, எலிக்கு மேல் அர்த்தம் தெரியாது. ஆனாலும் அந்தப் பேனாவின் மேல் கொள்ளை ஆசை. ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டுத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என் கட்சி அத்தை ஒருத்திதான். அவள் சித்தப்பாவுக்கு அக்கா. அவள் புருஷன், என் மாமா, மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். உலகச் சண்டை வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தபாலும் இல்லை. சண்டை ஓய்ந்த மறுவருஷம் ஆனி மாதத்தில் மிஷினில் அடித்த இங்கிலீஷ் கடிதம் ஒன்று வந்தது. சித்தப்பா அதை வெகுநேரம் பார்த்தார். அதிசயமாக அகராதியைக்கூடப் புரட்டினார். பிறகு, மாமா சௌக்கியம், தோட்டத்து ஆபீசில் சொல்லி எழுத வைத்திருக்கிறார், கப்பலில் இடம் கிடைத்தால் தை மாதம் வந்துவிடுவார் என்று படித்துச் சொன்னார். அத்தை அன்றைக்கே பாயசம் வைத்தாள்.

கடிதம் அத்தையின் டிரங்குப் பெட்டிக்குப் போனது. தினமும் ஒருதரம் எடுத்துத் தடவிப் பார்ப்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “இதுல எம்பேரு எங்கிட்டுடி இருக்கு?” என்று கேட்டாள். எழுத்துக்கூட்டித் தேடிக் காட்டினேன்.

“அதுக்கு அடுத்தாப்புல என்னமோ போட்டிருக்கே. ஆசையா ஏதாச்சும் சொல்லியிருப்பாரு. நான் கேட்டா வெக்கக்கேடு. நீ பந்தயத்துல கேளு. ஒஞ் சித்தப்பன் சொல்ல முடியாம முழிக்கட்டும்.”

ஜெயித்தால் பேனாவில் ஆளுக்குப் பாதி என்று இருவரும் பேசிக்கொண்டோம். எழுதத் தெரியாத அத்தைக்குப் பாதிப் பேனா எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நல்ல கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று ஆடிப்பெருக்கு வரை காத்திருந்தேன். அன்று காலை பெண்கள் குளத்துக்குப் போய்வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் கூடியிருந்தார்கள். ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை தலை நிறையப் பூ வைத்து, மணையில் உட்கார்ந்து, புதுக் கயிற்றில் மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஓரமாகக் காப்பரிசி தின்றுகொண்டிருந்தார்.

“சித்தப்பா, ‘ரெலிக்ட்’னா என்ன?” என்றேன்.

அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த காப்பரிசியைக் கீழே வைத்துவிட்டு, “தெரியாது” என்றார்.

வாழ்நாளில் அவர் சொல்லாத வார்த்தை! கூட்டம் கைதட்டியது. “தம்பி தோத்துட்டான்! அகராதியப் பாருடி!” என்று அத்தை சிரித்தாள்.

“வேணாம். பேனாவ நீயே எடுத்துக்க. புஸ்தகத்த இங்கிட்டுக் குடு” என்று சித்தப்பா எழுந்து வந்தார். நான் விடுவேனா? முற்றத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே பக்கத்தைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தேன்.

“ரெலிக்ட். விதவை, கைம்பெண்.”

அர்த்தம் என் மண்டையில் ஏறவே இல்லை. ஜெயித்தது மட்டும்தான் ஏறியது. அத்தை சிரித்த முகத்தை மாற்ற மறந்து சித்தப்பாவையே பார்த்தாள். கையில் கயிறு அப்படியே இருந்தது.

“எம் பேரு பக்கத்துலயாடா அது இருக்கு?”

சித்தப்பா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். “இந்த ஆடிக்காச்சும் நீ புதுக்கயிறு கட்டிக்கிறட்டும்னு பாத்தேங்கா” என்றார்.

அத்தை போட்ட சத்தத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை. ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. அது சித்தப்பா தோற்றுப்போன தப்பு என்று நினைத்தேன். ஒரு மாதம் அவளைப் பொய்யில் வைத்திருந்ததற்காகப் பெரியவர்கள் வெகுகாலம் அவரை ஏசினார்கள். நானும் வளர்ந்தபின் ஏசியிருக்கிறேன். அன்றைக்கு என்னை ஒருவரும் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் சித்தப்பாவிடம் போய்க் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமலே பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

பாதி அத்தையுடையது அல்லவா? அதை அவளிடம் காட்ட ஓடினேன்.