போக்குவரத்து விளக்கு எந்தக் கட்டத்தில்?

முதலில் வெளுத்தது சிவப்புதான். சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். இடது கண்ணை மூடினால் பழம் பழமாகத் தெரிந்தது. வலது கண்ணை மூடினால் பல தடவை துவைத்த துணியின் நிறத்தில் இருந்தது. கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது.

வடமதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரையே பார்ப்பதால் வந்த களைப்பு என்று நானே முடிவுகட்டி, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். சில நாட்களில் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. உங்களுக்கு இந்த அறிகுறி இருந்தால் என்னைப்போல் காத்திருக்காதீர்கள்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்பியல் டாக்டரம்மா பார்த்தார். ஆப்டிக் நியூரைட்டிஸ் (பார்வை நரம்பு வீக்கம்) என்றார். ரத்தப் பரிசோதனை வந்த பிறகு என்.எம்.ஓ. (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) என்று பெயர் சொன்னார். ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) ஏற்றியதும் ஓரளவு தெளிந்தது. அடுத்த மழைக்காலத்தில் வந்த தாக்குதல் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பிடித்தது. இப்போது எனக்கு வெளிச்சம் தெரியும். முகத்துக்கு நேரே கை அசைந்தால் தெரியும். அவ்வளவுதான்.

“போன பார்வை திரும்பாதா டாக்டர்?” என்று என் கணவர் சேவியர் கேட்டார்.

“திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த தாக்குதல் வராம பாத்துக்கலாம். வந்தா காலுக்கு இறங்கிரும். ஆறு மாசத்துக்கு ஒருக்க ரிட்டுக்சிமாப் ஏத்தணும். அது மட்டும் தள்ளிப்போகக் கூடாது.”

ரிட்டுக்சிமாப் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) சொட்டுச் சொட்டாக இறங்க ஒரு பகல் முழுக்க ஆகும். அதற்கான படுக்கைகள் கொஞ்சம்தான். மருத்துவமனையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

நான் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பழகினேன். ஆலையில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வவுச்சர்களைக் காதால் கேட்டுக் கேட்டே பதிகிறேன். ஆனால் படுக்கைப் பதிவை மட்டும் சேவியர்தான் செய்வார். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டி அவருடையது. பதிவு திறக்கும் நாளில் லோடு எடுக்காமல் வீட்டில் இருந்துவிடுவார்.

போன வருடம் அது நடக்கவில்லை. எனக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே கூப்பிட்டார். மருந்தின் பிடி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விட்டுவிட்டதாம். “நாளைக்குக் காலையில பதிவு திறக்கும் ரெஜினா. விட்றாதீங்க.” அப்போது சேவியர் கேரளா லோடோடு மலையேறிக்கொண்டிருந்தார். போன் போட்டேன். “இங்கன டவர் நிக்காதும்மா. நீயே போட்டுப் பாரேன், உனக்குத் தெரியாததா?” என்றதோடு இணைப்பு அறுந்தது.

காலையில் எழுந்து நின்றபோது இடது பெருவிரல் மதமதவென்று இருந்தது. காலை மடக்கிப் படுத்ததால் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

தளம் திறந்தது. பெயர், தேதி, படுக்கை எல்லாம் சரியாகப் போனது. கடைசியில், ‘நான் ரோபோ இல்லை’ என்று ஒரு பெட்டி. அழுத்தினேன். ‘போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்’ என்றது. அதற்குப் பிறகு திரைவாசிப்பான் சொன்னதெல்லாம் ‘படம், பட்டன். படம், பட்டன். படம், பட்டன்.’

படத்துக்குப் பதில் ஒலியாகக் கேட்டு எழுதும் வழி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும். தேடி அழுத்தினேன். இரைச்சலுக்கு நடுவில் யாரோ ஆங்கிலத்தில் முனகினார்கள். நான் எழுத ஆரம்பித்ததும் திரைவாசிப்பான் என் எழுத்துகளையே அதன் மேல் படித்தது. தவறு என்றது. இன்னொன்று. தவறு. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சை அடக்கிக் கேட்டேன். தவறு. பிறகு, ‘அதிக முயற்சிகள். சிறிது நேரம் கழித்து வரவும்.’

கழித்து வந்தபோது படுக்கைகள் தீர்ந்திருந்தன.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் கனிவாகத்தான் பேசினாள். “ஆன்லைன்ல மட்டுந்தான்க்கா. வீட்ல வேற யாராச்சும் இருந்தா போடச் சொல்லுங்களேன்.”

கண் போனபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. காலுக்குள் ஏதோ இறங்கிக்கொண்டிருக்கிறதோ என்று பயம். அதைத் தடுக்கும் மருந்துக்கும் எனக்கும் நடுவில் நான் பார்க்க முடியாத ஒரு படம். கைக்கோலை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் செருப்புக்குள் பெருவிரலை அசைத்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா முழங்காலைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். ஊசியால் தொட்டு, “குத்துதா? இங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு எல்லா இடத்திலும் குத்தியது.

“புது தாக்குதல் மாதிரி இல்ல. ஆனாலும் ஸ்கேன் பாத்துருவோம். நாளைக்கே உங்களுக்கு ஒரு படுக்கை ஒதுக்கச் சொல்றேன்.”

நன்றி சொல்லி எழுந்திருக்கலாம். எழ மனம் வரவில்லை. “எனக்குக் குடுத்துட்டீங்க டாக்டர். உங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணுதானே போகுது? அவங்க எப்படிப் போடுவாங்க?”

அவர் போனை எடுத்தார். மருத்துவமனை இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்த்தியை அழைத்தார்.

மறுநாள் எனக்கு மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது கார்த்தி படுக்கையருகே வந்து உட்கார்ந்தார். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை என்ற செய்தி அதற்குள் வந்திருந்தது. அலர்ஜி வராமல் இருக்க முன்னதாகப் போட்ட ஊசியில் எனக்குக் கண்ணைச் சொருகியது.

“சும்மா வைக்கலக்கா அந்தப் படத்தை. முன்னாடி எவனோ ஒரு சாஃப்ட்வேரை விட்டு மொத்தப் படுக்கையையும் அள்ளிட்டுப் போய் வித்தான். கிடைக்காம ஒருத்தர் இங்கேயே உக்காந்து அழுதாரு. அதை எடுத்துட்டா திரும்ப வந்துருவான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த அழுகை எனக்குப் புரியாததா? “எடுக்க வேண்டாம் தம்பி. எனக்கும் திறக்கிற மாதிரி ஒண்ணு வைங்க” என்றேன். என் போனைக் கொடுத்து, திரையைப் பார்க்காமல் கேட்கச் சொன்னேன். சொருகும் கண்ணோடு நான் காத்திருந்தேன். அவர் இரண்டு தடவை தோற்றார்.

“எனக்கே வெளங்கலக்கா.”

பிறகு இருவரும் யோசித்தோம். நோயாளி எண் எல்லாருக்கும் இருக்கிறது, பதிந்த போன் எண்ணும் இருக்கிறது. ஒரு எண்ணுக்கு ஒரு படுக்கை என்று கட்டிவிட்டால் அள்ள முடியாது. படத்துக்குப் பதில் அந்தப் போனுக்கே அழைப்பு வந்து தமிழில் நான்கு இலக்கம் சொல்லும், அதைப் பெட்டியில் எழுதினால் போதும். அங்கேயே மடிக்கணினியில் தற்காலிகமாக ஒன்றைச் செய்து காட்டினார். அழைப்பு வந்தது. இலக்கங்களைக் கேட்டு, பக்கத்துக்குத் திரும்பி, பெட்டியைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முடிந்ததைக்கூடத் திரைவாசிப்பான் சொல்லவில்லை. அனுப்பும் பட்டனுக்குப் பெயரே இல்லை. ‘பட்டன்’ என்று மட்டும் படித்தது.

“இம்புட்டு நேரம் ஆகும்னு தோணவே இல்லக்கா” என்றார். நர்ஸ் வந்து, பேசாமல் படுங்கள் என்று என்னை அதட்டினாள். அவர் மெதுவாக நாற்காலியை நகர்த்தி எழுந்தார்.

பிறகு பல வாரங்கள் கார்த்தி அழைப்பதும் நான் ஆலை இடைவேளையில் சோதித்துச் சொல்வதுமாகப் போனது. ஒருமுறை நன்றாக இருந்தது, அடுத்த முறை வேறொன்று கெட்டது. நிர்வாகம் ஒப்புக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

அடுத்த முறை பதிவு திறந்த அன்று சேவியர் லோடு எடுக்காமல் வீட்டில்தான் இருந்தார். “நான் போடட்டா?” என்றார். வேண்டாம் என்றேன். நாற்காலிக்குப் பின்னால் அவர் நிற்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. போன் அடித்தது. நான்கு இலக்கங்கள். எழுதினேன். எழுதி முடித்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. ‘உங்கள் படுக்கை பதிவாகிவிட்டது.’

“ஆயிருச்சா?”

“ஆயிருச்சுங்க.”

அவர் என் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நோய் எனக்குள் அப்படியேதான் இருக்கிறது. இந்த உடம்பை முன்போல் நம்ப முடியாது. விரல் மரத்துப்போனால் இன்றும் பயம்தான். என் காலம் ஆறு மாதத் துண்டுகளாக நடக்கிறது. முன்பு ஒவ்வொரு துண்டின் கடைசி வாரங்களும், அன்றைக்கு யார் வீட்டில் இருப்பார்கள், யாரைக் கெஞ்சுவது என்ற யோசனையிலேயே கரைந்துவிடும். அவற்றை நான் வாழ்ந்ததாகவே கணக்கில்லை.

போன முறை அந்தக் கடைசி வாரத்தில் எரியோட்டில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தங்கினோம். சாப்பிட்டோம், பகலில் தூங்கினோம், யார் யாரையோ பற்றிப் பேசிச் சிரித்தோம். மருந்து நாள் நெருங்குகிறது என்பது ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.